இடது கன்னம்

எந்த முகத்தையும் இருந்தபடியே விட அக்காவுக்கு மனசு வராது. புனேயில், போபோடியில் அவள் வீட்டு மாடி அறைக்கு நான் குடிவந்த முதல் வாரமே, கேட்காமல் கொள்ளாமல் என்னை ஒரு படம் எடுத்து, அந்தப் பக்கத்துத் தமிழ்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். என் நெற்றிப் பருக்களைக் காணோம். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் காணோம். மொத்த முகமும் மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெளுத்திருந்தது. தலைக்கு மேலே தங்க நிறத்தில், ஓரமெல்லாம் ஜொலிக்க, ‘நல்வரவு’ என்று எழுதியிருந்தது. ஊர்பேர் தெரியாத நாற்பது பேர் எனக்குக் கைகூப்பியிருந்தார்கள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இறங்கிப் போய்க் கேட்டேன்.

“அக்கா, இது நான் இல்ல.”

“நீதான் பாப்பா. நல்லா தூங்கி எழுந்து, ஒரு வாரம் அம்மா கையால சாப்ட்டா நீ இப்டித்தான் இருப்ப. நான் என்னா இல்லாததயா போட்டேன்?”

சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. விமான் நகரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. இணையத்தில் விற்கும் குர்த்தா, வளையல், செருப்புப் படங்களைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கித் தரவேண்டும். நாளெல்லாம் நூல் பிசிறையும் தூசியையும் அழித்துக்கொண்டிருப்பேன். இதை அக்காவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே தட்டில் சுண்டலோடு மாடியேறி வந்துவிட்டாள். அதுவரை அவளுக்குத் தெரிந்தது ஒரே பொத்தான்தான், முழு முகத்தையும் வெளுக்கச்செய்கிற பொத்தான். மற்றதை விட்டுவிட்டு ஒரு புள்ளியை மட்டும் எடுப்பது எப்படி என்று கேட்டாள். அவள் போனில் காசில்லாத ஒரு செயலியை இறக்கி, அந்தப் பிரஷைக் காட்டினேன். அவள் சுவரில் இருந்த ஓர் ஆணியைப் படமெடுத்தாள். விரலால் அதன்மேல் ஒரு தடவு தடவினாள். ஆணி போய்விட்டது. சுவர் மட்டும் இருந்தது.

அக்கா நிமிர்ந்து நிஜச் சுவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். “அடேயப்பா” என்றாள், மெல்ல. அந்தச் சந்தோஷத்தை நான் வேறு எந்த ஐம்பத்தைந்து வயது முகத்திலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பிறந்தநாள், காதுகுத்து, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் படம் அவளிடம் வரும். “இரு, சரி பண்ணித் தர்றேன்” என்பாள். இந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒருநாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். மூடிய கண்ணைத் திறந்துவைப்பாள். உதிர்ந்த பல்லை முளைக்கவைப்பாள். செத்துப்போன மாமனாரைக் கல்யாணப் படத்தில் மணமகனுக்குப் பின்னால் நிறுத்துவாள். அவர் தோளில் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழும். யார் பார்க்கிறார்கள்? பார்த்தவர்கள் அழுதார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் எட்டுப் பெண்களை உட்காரவைத்து வகுப்பே எடுத்தாள். அவள் வற்புறுத்தலால் நானும் போனேன். ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். என்னைவிட நன்றாகச் சொல்லித் தந்தாள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

“போட்டோவ தொறந்து மொதல்ல சும்மா பாருங்க. எது உறுத்துதோ அது மேல ரெண்டு வெரல வெச்சிப் பெருசு பண்ணுங்க. அப்பறம் இந்த பிரஷ். தடவுனா போதும், பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்க்கக் கூடாது. பக்கத்துல இருக்கற தோலே வந்து மூடிக்கும்.”

எழுத்துக்கு மூன்று வேலை என்றாள். நிறம், ஓரம், நிழல். “வெள்ள ஓரம் வெச்சா எந்தப் படத்து மேலயும் எழுத்து தெரியும். நெழல் கீழ லேசா விழணும். ஜிகினா வேணும்னா வையுங்க, ஆனா எல்லாத்தயும் ஒண்ணா ஏத்துனா வாட்திவஸ் பேனர் மாதிரி ஆயிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். புனேயில் எந்தத் தெருமுனைக்குப் போனாலும் யாரோ ஒரு குட்டித் தலைவர் வாட்திவஸ் பேனரில், அதாவது பிறந்தநாள் பேனரில், கருப்புக் கண்ணாடியோடு நிற்பார். அக்கா செய்கிற படங்களும் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். மற்றவர்களுக்குச் சொல்லுவாளே தவிர, அவளால் ஜிகினாவை விடமுடியாது.

ஒருத்தி கேட்டாள், “பழைய போட்டோவ என்ன பண்றதுக்கா?”

“அழிச்சிடணும். போன்ல எடமும் மிச்சம். ரெண்டும் இருந்தா கண்ணு பழசுக்குத்தான் போவும்.”

அடுத்த சந்தில் ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிறவி மச்சம். வரன் பார்க்க அவள் அம்மா கொடுத்த படத்திலிருந்து அக்கா அதை எடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் திக்கித் திக்கித்தான் வரும்.

“மேரா நிஷான் கஹாங் கயா, ஆன்ட்டி? என் மச்சம் எங்க? அது என்னோடது. அது இல்ல ஆச்சுன்னா நான் யாரு, போலோ?”

அக்கா மிரண்டுபோனாள். அவளை உட்காரவைத்து டீ போட்டுக்கொடுத்தாள். அந்தப் பெண் குடிக்கவில்லை. போனபிறகு, “அழகாத்தான பண்ணேன்? திட்டிட்டுப் போறா பாரு” என்று அக்கா என்னிடம் புலம்பினாள். மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் தலை தூக்காமல் சொன்னார், “உனக்கு உறுத்துச்சி, எடுத்துட்ட. அந்தப் பொண்ணுக்கு உறுத்தலியே.”

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலை ஐந்தரைக்குக் கடைவீதி முனையில் கம்பெனி பஸ் வரும், அதில் போய் அதில் வருவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த ஒரு வாக்கியம்போல்தான் பேசுவார்.

மாமாவின் இடது கன்னத்தில் சூடுபட்ட தழும்பு இருந்தது. நான் வந்த முதல் நாளே அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவரிடம் பேசும்போது சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவேன். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவும் அதைப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. சோறு போடும்போது அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். நடக்கும்போது வலப்பக்கம்தான் நடப்பாள். ஆட்டோவில் அவர் முதலில் இடப்பக்கம் ஏறிவிட்டால், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏறுவாள். சாலையில் வண்டி வந்தாலும் கவலைப்படமாட்டாள். ஒரு மத்தியானம் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள்.

“நான்தான் பாப்பா. கல்யாணமாயி நாலாவது வருசம். குக்கர்ல பருப்பு. அவரு பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு நின்னுக்கினு இருந்தாரு. விசில் அடங்கறதுக்குள்ள மூடிய இழுத்துட்டேன். மொத்தமும் அவரு மேல. என் மேல ஒரு சொட்டு இல்ல.” ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். “ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா பாத்துருப்பேன்.”

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவருடைய படங்களும் குறைவு. இருந்த கொஞ்சத்தையும் அக்கா என் பிரஷைக் கற்ற முதல் மாதத்திலேயே சரிசெய்துவிட்டாள். கல்யாண ஆல்பம் தழும்புக்கு முந்தையது. அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எடுத்ததையெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கினாள். சரிசெய்து திருப்பி அனுப்பினாள். “பழச அழிச்சிடு, நல்லது அனுப்பிட்டேன்” என்று குரல்செய்தியும் கூடவே போகும். அவர்களும் அழித்தார்கள். யாருக்கு அது ஒரு பெரிய விஷயம்?

நானும் அழித்தேன். ஒரு பொங்கலன்று வாசலில் மாமா கரும்போடு நிற்பதை என் போனில் எடுத்திருந்தேன். நேராக, வெயிலில், சிரித்துக்கொண்டு. அக்கா வாங்கிப் பார்த்தாள். திரையில் கன்னத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். சரிசெய்து அனுப்பியபின் எதிரிலேயே நின்றாள். “அத எடுத்துரு பாப்பா.” எடுத்தேன். குப்பைத்தொட்டியிலிருந்தும் எடுத்துவிட்டேனா என்று கேட்டு, அதையும் காலிசெய்யவைத்தாள். ‘என்ன அக்கா இது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் மாமாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் கண்ணாடி, சாவி. பிறகு என் பெயர். பிறகு, தான் ஓய்வுபெற்றதே மறந்துபோனது. விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் தேடுவார். அக்கா சிரித்துச் சமாளித்து உட்காரவைப்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், இனி மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும் என்றும் சொன்னார். அக்கா என்னிடம் வந்து, “சரி ஆயிடும்ல பாப்பா?” என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ‘சரி பண்ணித் தர்றேன்’ என்று சொல்லாமல் ‘ஆயிடும்ல’ என்று கேட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் பால் வாங்கிவந்தபோது கதவு திறந்துகிடந்தது. மாமா இல்லை. டிபன் பாக்ஸும் இல்லை.

சந்து, கடைவீதி, கட்கி ரயில் நிலையம், ஆற்றங்கரை எல்லாம் தேடினோம். மத்தியானம் காவல் நிலையம் போனோம். காவலர் பொறுமையானவர்தான். படிவத்தில் எழுதிக்கொண்டே அடையாளம் ஏதாவது உண்டா என்று மராத்தியில் கேட்டார்.

“நாஹி” என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன். பிறகு காவலரிடம் இடது கன்னத்தில் தழும்பு என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அக்கா மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். போட்டோ கேட்டார். பொங்கல் படம்தான் இருப்பதிலேயே புதிது, அதைக் கொடுத்தோம். பளபளவென்று இருந்த அந்தக் கன்னத்தைப் பார்த்து, “தழும்பு எங்கே?” என்றார். ஆதார் அட்டையைக் காட்டினோம். அதில் எல்லோருக்கும் இருப்பதுபோல் ஒரு கரிக்கட்டை இருந்தது. பெருமூச்சு விட்டுப் பொங்கல் படத்தையே ஒட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா உட்கார்ந்து குழுக்களில் போட ஓர் அறிவிப்பு செய்தாள். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தாள். பழைய வாழ்த்துப் படம் ஒன்றைத் திறந்து, அதிலிருந்த முகத்தை எடுத்துவிட்டு மாமாவின் முகத்தை வைத்தாள். ‘ஹரவலே ஆஹேத்’ என்று மராத்தியிலும், ‘காணவில்லை’ என்று தமிழிலும் எழுதினாள். தங்க நிறம், வெள்ளை ஓரம், கீழே லேசாக நிழல். மூலைகளில் இருந்த பூச்சரத்தை எடுக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அவசரத்தில் தோன்றவில்லை. தழும்பைப் படத்திலேயே எழுதிவிடலாம் என்றேன். “படத்து மேல வேணாம் பாப்பா, அவரப் பாக்கறவங்க மொதல்ல அதையா படிக்கணும்? நீ கீழ தனியா எழுது” என்றாள். சரி என்று, அனுப்பும்போது படத்துக்கு அடியில் தனியாக எழுதி அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. ‘ஹேப்பி பர்த்டே அங்கிள்.’ ‘நூறாண்டு வாழ்க.’ ஒரு கேக். இரண்டு பூங்கொத்து. நெருங்கிய ஆட்கள் விஷயம் புரிந்து ஓடிவந்தார்கள். தள்ளியிருந்தவர்கள் கைகூப்பினார்கள், அவர் இறந்துவிட்டதாக நினைத்து. யாரும் கெட்டவர்கள் இல்லை. தினமும் அந்த மாதிரிப் படம் நூறு வருகிறது, எழுத்தை யார் படிக்கிறார்கள்? ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போகும்போது நான் அடியில் எழுதியது உதிர்ந்துவிட்டது. படம் மட்டும்தான் பயணம் போனது. அக்கா ஒவ்வொரு கேக்குக்கும் உட்கார்ந்து, ‘பிறந்தநாள் இல்லைங்க, காணோம்’ என்று பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ரஞ்சன்காவுக்குப் போகவேண்டும் என்று எனக்கு வெள்ளிக்கிழமையே தோன்றியது. அவருடைய பழைய கம்பெனிக்கு அக்கா போன் போட்டாள். வாயில் காவலாளிக்குப் படத்தை அனுப்பினோம். இப்படி யாரும் இல்லை என்றார். ஆஸ்பத்திரிகளில் அலைந்தோம். ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல், அரசாங்க எஸ்டி பஸ் ஏறி நேரிலேயே போனோம்.

கம்பெனி வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீ டப்ரி, சாலையோரப் பெட்டிக்கடை, இருந்தது. அங்கே இருந்தவரிடம் அக்கா போனை நீட்டினாள். அவர் பார்த்தார். “அட, இது என்கிட்டயே இருக்கே” என்று தன் போனை எடுத்துக் காட்டினார். அதே தங்க எழுத்து. “மூணு நாள் முன்னாடி எங்க கிராமத்து குரூப்ல வந்துச்சு. யாரோ புடாரி வாட்திவஸ்னு நெனச்சேன்.” மராத்தியில்தான் சொன்னார். புடாரி என்றால் தலைவர்.

“இவர் இங்கே வந்தாரா?”

“ஹே நாஹீத், தாயி. இவர் இல்ல. ஒரு வயசான பாபா வந்தாரு, வியாழக்கிழமை காலைல, பஸ்ல, ஷிஃப்ட் ஆளுங்களோட. மூணு நாள் இந்தப் பெஞ்சுலயேதான். உள்ள விடமாட்டேங்கறாங்க, லேட் ஆயிடுச்சின்னு சொல்லுவாரு. டிபன் பாக்ஸத் தொறந்து காட்டுவாரு, அது காலி. நான்தான் அவல் போஹா வெச்சிக் குடுத்தேன். ஆனா அவருக்கு மூஞ்சி இப்டி இல்ல.” தன் இடது கன்னத்தில் கையை வைத்து மொத்தமாகத் தேய்த்துக் காட்டினார். “இங்க எல்லாம் வெந்து போயிருந்துச்சு.”

அக்கா அந்தப் பெஞ்சைப் பார்த்தாள்.

“இப்ப எங்கே?”

“நேத்து சாயங்காலம் ஒரு பஸ்ல ஏறிட்டாரு. நகர் பக்கம் போற பஸ்.” பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்துவிட்டது. போனையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். “தாயி, நெஜமா எனக்குத் தெரியல. படத்துல சுத்தமா இருக்காரே.”

மூன்று நாள் அவர் அங்கே இருந்திருக்கிறார். அவரைத் தேடும் படமும் அதே பெஞ்சுக்கு நாலடி தூரத்தில் ஒரு சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில், இடப்பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தாள்.

நகர் என்ற அந்த ஊருக்குப் போகும் சாலையில் இருந்த பஸ் நிலையங்களுக்கெல்லாம் போனோம். நாங்கள் இரண்டு பேர். சாலையோ முடிகிற வழியாக இல்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா போனோடு மாடிக்கு வந்தாள். “தழும்ப திரும்பப் போடணும் பாப்பா.” சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பழைய படம் கேட்டுவிட்டிருந்தாள். யாரிடமும் இல்லை. ‘நீதானக்கா அழிக்கச் சொன்ன’ என்றார்களாம். என் போனைக் கொடுத்தேன், அவளே தேடட்டும் என்று. மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

செயலியில் அழிக்க ஆறு விதமான பிரஷ் இருந்தது. தழும்பு வைக்க ஒன்றுமில்லை. பேய்வேஷத்துக்கென்று ஒட்டுப்படங்கள் இருந்தன, ரத்தம் சொட்டுகிற வெட்டுக்காயங்கள். அதில் ஒன்றை வைத்துப் பார்த்தாள். பொங்கல் கரும்போடு மாமா ஒரு கொலைகாரர்போல் சிரித்தார். உடனே எடுத்துவிட்டாள். பழுப்பு நிறத்தைத் தேர்ந்து விரலால் வரைய ஆரம்பித்தாள். வரைவாள், அழிப்பாள்.

“கண்ணுக்குக் கீழருந்து ஆரம்பிக்கும்ல? காதுகிட்ட போவுமா, வாய்கிட்ட வருமா?” என்று கேட்டாள். என் பக்கம் நிமிர்ந்தாள். “முப்பது வருசம் பாப்பா. ஒருநாள்கூட நேராப் பாக்கல நான். நீயாவது பாத்துருப்பல்ல? நீ வேலையே அதான?”

முதல் நாள் ஒரு நொடி கண் பட்டதோடு சரி, பொங்கல் படம் எடுத்தபோதும் கரும்பைத்தான் பார்த்தேன். இரண்டரை வருடம் சட்டைப் பொத்தானைப் பார்த்தே பேசியிருக்கிறேன். என் வேலை பிசிறையும் கறையையும் கண்டுபிடிப்பது. ஒரு மனிதன் முகத்தில் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு தீவு.

“ஆமாக்கா. அப்படித்தான் இருந்துச்சு” என்றேன்.

அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. அதைத்தான் அச்சடித்தாள். காவல் நிலையத்தில் கொடுத்தாள், டீ டப்ரியில் ஒட்டினாள், நகர் வரைக்கும் ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் ஒட்டினாள். இந்தத் தடவை பூச்சரம் இல்லை, ஜிகினா இல்லை. வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து.

அடுத்த வருடம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வந்துவிட்டேன். அக்கா மாதம் ஒருமுறையாவது படம் அனுப்புவாள். “இப்ப இன்னும் நரைச்சிருக்கும்ல” என்று தலையை வெளுக்கவைத்து ஒன்று. “தாடி வளந்திருக்கும்” என்று ஒன்று. “சாப்பாடு இருந்துருக்காது” என்று கன்னத்தை ஒட்டவைத்து ஒன்று. எல்லாவற்றிலும் கண்ணுக்குக் கீழே அந்தத் தீவு மட்டும் மாறாமல் இருக்கும்.

போன மாதம் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, “ஒரு ஆசிரமத்துலருந்து பேசுனாங்க பாப்பா” என்றாள். நகருக்கு அந்தப் பக்கம், ஆதரவில்லாத முதியவர்களை வைத்துப் பார்க்கும் இடம். பேச்சு வராத ஒரு பெரியவர் இருக்கிறார், இடது கன்னத்தில் சூட்டுத் தழும்பு என்று, போஸ்டரைப் பார்த்துக் கூப்பிட்டார்களாம். படமும் அனுப்பினார்களாம்.

“போனீங்களாக்கா?”

“இல்ல. அவரு இல்ல. மொட்ட அடிச்சி, கண்ணு மூடி, ஒண்ணும் தெரியல. ஆனா தழும்பு தாடகிட்ட இருக்குது. இவருக்குக் கண்ணுக்குக் கீழ இல்ல? அதான் வேணாம்னுட்டேன்.”

எழுந்து நின்றுவிட்டேன். “அக்கா, உடனே போய் நேர்ல பாருங்க. எனக்குத் தெரியாது. நான் அன்னிக்குச் சும்மா சொன்னேன். நான் சரியா பார்த்ததே இல்ல. பொய் சொன்னேன்க்கா.”

அக்கா ரொம்ப நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோல் சொன்னாள்.

“நீ சும்மா கொழப்பிக்காத பாப்பா. கண்ணுக்குக் கீழதான். இப்ப எனக்கு நல்லா ஞாபகம் வந்துட்டுது. தெனம் பாக்கறன் இல்ல?”

என்ன சொல்லியும் அவள் கேட்கவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். “உடம்பப் பாத்துக்கோ” என்று வைத்துவிட்டாள். அந்த ஆசிரமத்தின் எண்ணை அவளிடமிருந்து வாங்கவே எனக்கு மூன்று நாளானது. கூப்பிட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர். அந்த பாபா போன வாரம் போய்விட்டார், யாரும் வராததால் காரியமெல்லாம் நாங்களே செய்துவிட்டோம் என்றார். அவரிடம் ஏதாவது பொருள் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். தழும்பு சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டேன். தாடைப் பக்கம் என்று நினைக்கிறேன் என்றார். படத்தை அனுப்பச் சொன்னேன். இடத்துக்காகப் பழையதையெல்லாம் அப்போதைக்கப்போது அழித்துவிடுவோம் தாயி என்றார்.

அது மாமாதானா என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. நேற்றுக் காலையும் படம் அனுப்பியிருந்தாள். மாமாவுக்குப் புருவம்கூட நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்ததை இன்னும் நன்றாக, நிஜத் தோல் மாதிரியே வரையக் கற்றுக்கொண்டுவிட்டாள். அடியில், “இப்ப கரெக்டா இருக்குதா பாப்பா?” என்று கேட்டிருந்தாள்.

ஆமாக்கா என்று பதில் எழுதினேன்.